ஆவடிக்கு மேற்கே: மலையும் கடலும் செய்த ஊர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களிடம் "உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். தொழிற்பேட்டை, டாங்கித் தொழிற்சாலை, பைபாஸ் ரோடு, தண்ணீர் லாரி, இதைத் தாண்டி என்ன இருக்கிறது என்பார்கள். புதிதாக கேமரா வாங்கியவர்கள் மலையைப் படம் எடுக்க ஊட்டிக்கும், கடலைப் படம் எடுக்க மாமல்லபுரத்துக்கும் போகிறார்கள்.

ஆனால் ஆவடி ரயில் நிலையத்தில் இருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குள் மலையும் இருக்கிறது, கடலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறு, பெரிய ஏரிகள், குகைகள், 400 ஆண்டு பழைய துறைமுகம் ஒன்று, இந்தியாவிலேயே மிகப் பழைய மனிதத் தடயங்கள் கிடைத்த ஒரு ஓடை. இவ்வளவும் இருக்கின்றன. இந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் இருக்கும் வரலாறு தெரிந்தால், எடுக்கிற படத்துக்கும் அர்த்தம் கூடும்.

கடல் இங்கே வரை வந்திருந்தது

முதலில் நிலத்தின் கதை. திருத்தணிக்கு வடக்கே நகரி மலைகள் தெரியும். இவை குவார்ட்சைட் என்ற மிகக் கடினமான பாறையால் ஆனவை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் ஆறும் இந்த மலைகளை உடைத்து, கற்களை உருட்டிக் கிழக்கே கொண்டுவந்தன. அப்போது கடற்கரை இன்றைய மெரினாவில் இல்லை. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில், கடல் இன்னும் மேற்கே ஏறி வந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் களிப்பாறைகளில் நிலத்துச் செடிகளின் இலைப் பதிவுகளும் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களும் சேர்ந்தே கிடைத்திருப்பது இதற்குச் சான்று. இந்தப் பாறை வரிசையில் ஒன்றுக்கு நிலவியல் நூல்களில் 'ஆவடி' என்றே பெயர். டாங்கிக்குப் பேர்போன ஊரின் பெயர், ஒரு பழைய கடலோரத்துக்கும் பெயராக இருக்கிறது!

மலையில் இருந்து உருண்டு வந்த கூழாங்கற்கள் அந்தக் கடலோரத்தில் குவிந்து, மண்ணோடு இறுகி மீண்டும் பாறையாயின. பிறகு நிலம் உயர்ந்தது, கடல் பின்வாங்கியது. அப்படி உருவான மேடுகள்தான் பூண்டிக்கு வடமேற்கே உள்ள அல்லிக்குழி மலைகள். இவற்றின் பாறையைக் கிட்டத்தில் பார்த்தால் சிமெண்டில் ஜல்லி கலந்தது போல, உருண்டைக் கற்கள் நெருக்கமாகப் பதிந்திருப்பது தெரியும். மலையில் பிறந்து, கடலோரத்தில் படிந்து, மறுபடியும் மலையான கற்கள் இவை. இந்தக் கற்கள்தான் பின்னால் மனிதனின் கைக்கு வந்தன.

1863: பல்லாவரத்தில் கிடைத்த கல்

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். பாறைகளை வரைபடமாக்குவதுதான் அவருடைய வேலை.

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்கள் கிடைத்தன. மனிதன் சில ஆயிரம் ஆண்டுகளாகத்தான் இருக்கிறான் என்ற நம்பிக்கையை அவை ஆட்டின. 1859-ல் இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, கண்டுபிடிப்பு உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். இந்தச் செய்தியை அறிந்திருந்த ஃபூட், தன் வேலைக்கு நடுவே கீழே கிடக்கும் கற்களையும் கவனிக்க ஆரம்பித்தார்.

1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவ அணிவகுப்புத் திடலுக்கு அருகே சரளை தோண்டிய ஒரு குழியில், மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றை அவர் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அடையாளம் காணப்பட்ட முதல் கருவிகளில் அது ஒன்று. இந்திய வரலாற்றின் தொடக்கத்தைப் பல லட்சம் ஆண்டுகள் பின்னால் தள்ளிய கண்டுபிடிப்பு அது. அது கிடைத்தது அரண்மனையிலோ கோயிலிலோ அல்ல, சரளைக் குழியில்.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, ஃபூட்டும் அவருடைய சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றின் அருகே உள்ள அத்திரம்பாக்கம் என்ற சிற்றூருக்கு வந்தார்கள். அங்கே ஒரு ஓடை நிலத்தை அரித்துவிட்டிருந்தது. அந்த அரிப்பில் கைக்கோடரிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஃபூட் தன் வாழ்நாளில் சேகரித்த தொல்பொருள்களை 1904-ல் மதராஸ் அரசு விலைக்கு வாங்கியது. அவை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. ஃபூட் 1912-ல் காலமானார். அவருடைய கல்லறை ஏற்காட்டில் இருக்கிறது.

அத்திரம்பாக்கம்: களிமண்ணுக்குள் இருந்த ரகசியம்

ஃபூட்டுக்குப் பிறகு நூறு ஆண்டுகளில் பலர் அத்திரம்பாக்கத்தை ஆராய்ந்தார்கள். எல்லோரும் ஒரு இடத்தில் நின்றார்கள். மேலே சரளை, செம்மண். அடியில் ஒரு களிமண் அடுக்கு. அந்தக் களிமண், முன்னே சொன்ன டைனோசர் காலத்து ஆவடிப் பாறை என்று நினைத்தார்கள். அதற்குள் மனிதக் கருவி இருக்க வாய்ப்பே இல்லை அல்லவா? அதனால் மனிதனின் கதை அந்தக் களிமண்ணுக்கு மேலேதான் தொடங்குகிறது என்பது முடிவாக இருந்தது.

1999-ல் சாந்தி பப்பு தலைமையிலான குழு இங்கே புதிதாக அகழாய்வு தொடங்கியது. சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த இவர்களும் குமார் அகிலேஷும் அந்தக் களிமண்ணையும் தோண்டினார்கள். சுமார் 9 மீட்டர் ஆழம் வரை போனார்கள். களிமண்ணுக்குள்ளும் கருவிகள் இருந்தன! அது டைனோசர் காலத்துப் பாறையே அல்ல, ஆற்று வெள்ளம் சிறுகச் சிறுகப் படிய வைத்த மண் என்று தெரிந்தது. குதிரை, எருமை வகை, நீலான் ஆகிய விலங்குகளின் பற்களும், விலங்குகளின் குளம்பு பதிந்த தடங்களும் கிடைத்தன. புல்வெளியும் தண்ணீரும் உள்ள திறந்தவெளியாக அந்த இடம் இருந்திருக்கிறது.

கருவிகள் எவ்வளவு பழையவை? பூமிக்கு மேலே கிடக்கும் கல்லின் மீது விண்வெளிக் கதிர்கள் பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கல்லில் சில அரிய அணுக்கள் உண்டாகும். கல் மண்ணுக்குள் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்று, இருப்பவை ஒரே கணக்கில் குறையும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், கல் புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லலாம். மண்ணில் பதிந்திருக்கும் பூமியின் காந்தத் திசையையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2011-ம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. கருவிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள்.

2018-ல் 'நேச்சர்' இதழில் அடுத்த முடிவு வந்தது. கனமான கைக்கோடரிகளை விட்டு, சிறிய சில்லுகளைத் திட்டமிட்டுப் பெயர்த்தெடுக்கும் முறைக்கு இங்கிருந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் அது. இந்தியாவுக்கு இந்த முறை மிகவும் பின்னால்தான் வந்தது என்ற கருத்தை இது கேள்விக்குள்ளாக்கியது. இந்தக் கருவிகளைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றும் இங்கே கிடைக்கவில்லை. அவர்கள் கையில் பிடித்த கல் மட்டுமே மிச்சம்.

அத்திரம்பாக்கத்தில் படம் எடுக்கப் போகிறவர்கள் பெரிய காட்சியை எதிர்பார்த்துப் போகக்கூடாது. புதர்க்காடு, செம்மண் மேடு, அரித்த ஓடை, அவ்வளவுதான். ஆனால் மழைக்குப் பிறகு காலை வெயிலில் அந்தச் செம்மண்ணின் நிறம் அழகு. கல்லைக் கையில் எடுத்து வரக்கூடாது. கல் எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். இடம் மாறிய கல், தேதி கிழிந்த கடிதம் மாதிரி.

குடியம் குகை

அத்திரம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் இருக்கிறது. சென்னையில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர். குடியம் கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டு, புதர்க்காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். காரை, களா போன்ற முள்செடிகள், வழியெல்லாம் உருண்டைக் கற்கள். கொஞ்ச தூரத்தில் சட்டென்று மலை வளைந்து, பெரிய கூரை போல முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். இதுதான் குடியம் குகை. சரியாகச் சொன்னால் இது ஆழமான குகை அல்ல, பாறை ஒதுக்கிடம். இந்த மலைகளில் இப்படிப் பல ஒதுக்கிடங்கள் உள்ளன.

கூரையை அண்ணாந்து பார்த்தால் மேலே சொன்ன கூழாங்கற்கள் ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கும். மண் கரைந்து கற்கள் கீழே விழுகின்றன. கருவி செய்யக் கல் தேடி எங்கும் போக வேண்டிய அவசியம் அன்றைய மனிதனுக்கு இல்லை. மழைக்கு ஒதுங்கிய இடத்திலேயே கல் கிடைத்தது. ஃபூட் காலத்திலேயே இந்தக் குகைகள் கவனிக்கப்பட்டன. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி இங்கே அகழாய்வு செய்தார். பழைய கற்காலக் கைக்கோடரியில் இருந்து நுண்கற்கருவிகள் வரை இங்கே கிடைத்திருக்கின்றன.

சுற்றுவட்டார மக்களுக்கு இது தொல்லியல் இடம் என்பதை விட அம்மன் இருக்கும் இடம். குகைக்குள் வழிபாடு நடக்கிறது. அதனால் செருப்போடு நுழைவது, பாறையில் பெயர் எழுதுவது, பாட்டில் உடைப்பது ஆகியவை வரலாற்றுக்கு மட்டுமல்ல, ஊர் மக்களுக்கும் செய்யும் அவமரியாதை. இது வனப்பகுதி என்பதால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது நல்லது. தேன்கூடுகள் உண்டு, புகை போடக்கூடாது. குகை வாயில் முழுவதும் படத்தில் அடங்க வேண்டுமானால் அகலமான லென்ஸ் தேவை. ஒரு ஆளை நிறுத்தி எடுத்தால்தான் அதன் உயரம் புரியும்.

பூண்டி: மேயர் பார்க்காத ஏரி

குடியத்தில் இருந்து திரும்பும் வழியில் பூண்டி. இந்த நீர்த்தேக்கத்துக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சுதந்திரப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயராக இருந்தபோது, நகரத்தின் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க இந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்டார். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட நீர்த்தேக்கம் 1944-ல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1943 மார்ச் மாதமே காலமாகிவிட்டார்.

பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1983-ல் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நதி நீரும் கண்டலேறு கால்வாய் வழியாக 1996 முதல் இங்கே வருகிறது. மேற்குப் புறநகரில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பூண்டியின் பங்கும் இருக்கிறது.

ஏரி வந்தபோது ஒரு ஊர் போனது. தேவாரப் பாடல் பெற்ற திருவெண்பாக்கம் கோயில் நீர்ப்பிடிப்புக்குள் அடங்கிவிட்டது. இரண்டு கண் பார்வையும் இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் இது என்பது பெரிய புராணக் கதை. அந்தக் கோயில் பின்னர் ஏரிக்கரையை ஒட்டி மீண்டும் எழுப்பப்பட்டு, ஊன்றீசுவரர் கோயில் என்று வழங்குகிறது. நகரத்துத் தாகத்துக்காகக் கடவுளும் வீடு மாறிய கதை!

பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1985-ல் அமைத்த தொல்பழங்கால அருங்காட்சியகம் உள்ளது. அத்திரம்பாக்கம், குடியம் பக்கத்துக் கற்கருவிகளை இங்கே பார்த்துவிட்டுப் போனால், காட்டில் கிடக்கும் கல்லில் எது செதுக்கியது, எது தானாக உடைந்தது என்று ஓரளவு புரியும். ஏரியில் நவம்பர் முதல் ஜனவரி வரை தண்ணீர் நிறைந்திருக்கும்போது மாலை வெளிச்சம் அருமையாக இருக்கும். மதகுப் பகுதியில் படம் எடுக்கக் கட்டுப்பாடு உண்டு, காவலர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருத்தணி: எல்லையில் நிற்கும் மலை

மலையைத் தூரத்தில் இருந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்குத் திருத்தணி. ஆவடியில் ரயில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். இந்த ரயில் பாதைக்கும் ஒரு பெருமை உண்டு. 1856-ம் ஆண்டு ராயபுரத்தில் இருந்து ஆற்காடு பக்கம் வாலாஜா ரோடு வரை ஓடிய, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆவடி, திருவள்ளூர் வழியாகத்தான் போனது. மதராசில் புகைப்படக்கலை வேர் பிடித்ததும் அதே 1850-களில்தான்.

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். மேலே இருந்து வடக்கே பார்த்தால் நகரி மலைகள் வரிசையாகத் தெரியும். அந்த மலைகளில் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது திருத்தணியே ஆந்திரத்தில்தான் இருந்தது. ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு ஆகியவற்றுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பதிலுக்கு சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. எல்லைக்கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது. ஆறுகளுக்கு அது தெரியாது. அந்தப் பக்கத்து மலையில் பெய்யும் மழை, நகரியாறு வழியாக இந்தப் பக்கத்துப் பூண்டியில் வந்து சேர்கிறது.

வீட்டுப் பக்கத்து ஏரிகள்

இவ்வளவு தூரம் போக நேரம் இல்லாதவர்களுக்கு ஏரிகள் இருக்கின்றன. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும், கடல் போலவே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஏரியின் பெயர் நாடு முழுவதும் பேசப்பட்டது. அடையாற்றில் திறந்துவிடப்பட்ட தண்ணீரோடு வழியெல்லாம் சேர்ந்த வெள்ளமும் கலந்து, ஆற்றங்கரை வீடுகள் மூழ்கின. அருகில் குன்றத்தூர்க் குன்று இருக்கிறது. சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின் மேல் முருகன் கோயிலில் இருந்து சுற்றுப்புறம் முழுவதும் தெரியும்.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி 2019-ல் நடைபாதையும் பூங்காவும் அமைத்துச் சீரமைக்கப்பட்டது. காலையில் பறவைகளைப் படம் எடுக்க வசதியான இடம். அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் ஏரிக்கும் பறவைகள் வருகின்றன. ஆனால் அங்கே கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. வடக்கே செங்குன்றம். செம்மண் மேடுகளால் வந்த பெயர் அது. 1872-ல் இருந்து மதராஸ் நகரம் அந்த ஏரியின் தண்ணீரைக் குடிக்கிறது.

பழவேற்காடு: ஆற்றின் மறுமுனை

மலையில் தொடங்கிய பயணம் கடலில் முடிய வேண்டும். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. ஆரணி ஆறு இங்கே வந்து கலக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் சுவர் போல் நிற்கிறது.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சென்னையில் ஆங்கிலேயர் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு இடம் வாங்கியதற்கு கால் நூற்றாண்டு முன்பே இது நடந்துவிட்டது. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளை இங்கிருந்து இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கினார்கள். துணியோடு மனிதர்களும் போனார்கள். 17-ம் நூற்றாண்டில் பஞ்ச காலங்களில் அடிமைகளாக வாங்கப்பட்ட ஏராளமான தமிழர், தெலுங்கர் இந்தத் துறைமுகத்தில் இருந்து பத்தாவியாவுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. 1690-ல் டச்சுக்காரர்களின் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

கோட்டை இன்று இல்லை, மேடு மட்டும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடு உருவங்கள் படம் எடுப்பவர்கள் தவறவிடாத காட்சி. துணி வியாபாரிகளின் பெயர் கல்லில் இருக்கிறது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பெயருக்குக் கல் இல்லை. அந்த வாசலில் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரைகள் வரும். அவை ஆழம் குறைந்த சேற்றில் தொலைவில் நிற்கும் என்பதால் நீண்ட லென்ஸ் வேண்டும். கிட்டே போய் விரட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பது தவறு, இரை தேடும் நேரத்தில் அவற்றின் பலம் வீணாகும். படகில் ஏறுவோர் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதுகாப்பு உடை இல்லாமல், அளவுக்கு மீறிய ஆட்களோடு போகும் படகில் ஏறவே கூடாது.

ராக்கெட் ஏவும் நாட்களில் பழவேற்காட்டில் இருந்து ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பார்த்தால் நெருப்புக் கோடு எழும்புவது தெரியும். 15 லட்சம் ஆண்டுப் பழைய கல் கிடைத்த இடத்துக்கும் ராக்கெட் கிளம்பும் இடத்துக்கும் ஒரே நாளில் போய் வந்துவிடலாம்.

எது மிஞ்சும்?

இந்த இடங்கள் எல்லாம் எப்போதும் இப்படியே இருக்குமா என்பதுதான் கேள்வி. மேற்குப் புறநகர் வளர வளர, மனை மேடாக்கவும் ரோடு போடவும் கிராவல் மண் தேவைப்படுகிறது. அந்த மண் திருவள்ளூர் மாவட்டத்துச் செம்மண் மேடுகளில் இருந்துதான் வருகிறது. கற்கருவிகள் புதைந்திருப்பதும் அதே மேடுகளில்தான். ஃபூட் எடுத்த முதல் கல்லும் ஒரு சரளைக் குழியில் கிடைத்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினார்கள், பார்ப்பதற்கு ஒருவர் இருந்தார். இன்று இயந்திரம் ஒரே நாளில் ஒரு மேட்டையே லாரியில் ஏற்றிவிடுகிறது. யார் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் எத்தனை கைக்கோடரிகள் போயினவோ!

ஆற்றின் மறுமுனையிலும் இதே நிலைதான். கொசஸ்தலை கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வந்து அங்கே பரவியது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. இறால், நண்டு பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் வேலையின்றி நின்றன. ஆற்றின் தலையில் மண் போகிறது, வாலில் சாம்பல் சேர்கிறது.

இங்கேதான் புகைப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அழகான படம் என்பது ஒரு பயன். தேதியும் இடமும் குறித்து வைத்த படம் இன்னொரு பயன். இந்த ஆண்டு எடுத்த செம்மண் மேட்டின் படமும் ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் நின்று எடுத்த படமும் சேர்ந்தால் அது சாட்சியாகிவிடும். ஏரியின் கரை எங்கே இருந்தது, எங்கே வந்து நிற்கிறது என்று காட்டவும் அது உதவும். ஃபூட் கல்லோடு சேர்த்து இடத்தையும் தேதியையும் எழுதி வைத்தார். அதனால்தான் 1863 மே 30 என்று இன்றும் சொல்ல முடிகிறது.

ஒரு நாள் பயணத் திட்டம்

விடியற்காலையில் ஆவடியில் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கலாம். அங்கிருந்து ஊத்துக்கோட்டை சாலையில் பூண்டி. முதலில் அருங்காட்சியகம், திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. பிறகு குடியம் குகை. நண்பகல் வெயிலுக்கு முன் திரும்பிவிட வேண்டும், தண்ணீரும் சாப்பாடும் கையோடு வேண்டும், வழியில் கடை கிடையாது. மாலையில் பூண்டி ஏரிக்கரை. பழவேற்காட்டுக்குத் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி மாதங்கள் இரண்டுக்கும் ஏற்றவை.

போகிறவர்கள் குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கல்லை மட்டும் அங்கேயே விட்டுவிட வேண்டும். 15 லட்சம் ஆண்டுகளாக அங்கே கிடந்த கல், அடுத்து வருகிறவர் பார்க்கவும் அங்கேயே இருக்கட்டும்.